கூண்டு ஏற்றிய கேப்டன்

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் நம் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவுக்குத் தூக்கம் கிடையாது. ரெட் அலர்ட் என்று ஒரு செய்தி வந்ததும் கீழ்த்தளத்தில் நிற்கும் கார்களை எடுத்துக்கொண்டுபோய் மேட்டில் விடுகிறோம். லிஃப்ட் குழிக்குள் தண்ணீர் இறங்காமல் இருக்க மணல் மூட்டை அடுக்குகிறோம். ஜெனரேட்டருக்கு டீசல், வீட்டுக்குப் பால் பாக்கெட், மெழுகுவத்தி எல்லாம் தயார். மறுநாள் விடிந்து பார்த்தால் வெயில் சுள்ளென்று அடிக்கிறது. அவ்வளவுதான், குழுவில் கேலி ஆரம்பித்துவிடும். மழை வரும் என்று இவர்கள் சொன்னால் துணி காயப்போடலாம் என்று ஒருவர் எழுதுவார். அதற்குப் பத்துப் பேர் சிரிப்புப் படம் போடுவார்கள். அந்தப் பத்துப் பேரில் நானும் ஒருவன்.

இந்தக் கேலிக்கு வயது 160க்கும் மேல். நாளிதழில் அன்றாட வானிலை முன்னறிவிப்பை முதன்முதலாக வெளியிட்டவரே இதைக் கேட்டுத்தான் நொந்துபோனார். அவர் பெயர் ராபர்ட் ஃபிட்ஸ்ராய். பள்ளிப் பாடத்தில் டார்வினைப் பற்றிப் படித்திருப்போம். அவரை ஏற்றிக்கொண்டு உலகைச் சுற்றிய பீகிள் கப்பலும் நினைவிருக்கும். அந்தக் கப்பலின் கேப்டன்தான் ஃபிட்ஸ்ராய். டார்வினின் கதையில் ஓரமாக வந்துபோகும் இந்த மனிதரின் சொந்தக் கதையை இந்த மழைக்கால இதழில் சொல்லலாம் என்று தோன்றியது.

பாதரசம் சொன்னது

ஃபிட்ஸ்ராய் 1805ஆம் ஆண்டு ஜூலை 5ஆம் தேதி இங்கிலாந்தின் சஃபோக் மாவட்டத்தில் பிறந்தார். செல்வாக்கான பிரபுக் குடும்பம். சிறு வயதிலேயே தாயை இழந்தார். 12 வயதில் போர்ட்ஸ்மத் கடற்படைக் கல்லூரியில் சேர்ந்து, 14 வயதில் கப்பல் ஏறிவிட்டார். லெப்டினன்ட் பதவிக்கான தேர்வில் முழு மதிப்பெண் வாங்கியவர் என்று கடற்படையில் அவரைப் பற்றிப் பெருமையாகப் பேசிக்கொண்டார்கள்.

1828ல் தென் அமெரிக்காவின் தென்கோடியில் கடற்கரையை அளந்துகொண்டிருந்த பீகிள் கப்பலின் கேப்டன், தனிமையும் குளிரும் தாங்காமல் மனம் உடைந்து தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். அந்த இடத்துக்கு 23 வயது ஃபிட்ஸ்ராய் அமர்த்தப்பட்டார். பொறுப்பேற்றுச் சில வாரங்களே ஆகியிருந்தன. 1829 ஜனவரி இறுதியில், பிளாட்டா நதி கடலில் கலக்கும் இடத்துக்கு அருகே கப்பல் போய்க்கொண்டிருந்தது. கப்பலில் இருந்த காற்றழுத்தமானியில் பாதரசம் இறங்கியிருந்தது. காற்றின் அழுத்தம் குறைகிறது, பெருங்காற்று வரலாம் என்று அதற்குப் பொருள். இளம் கேப்டன் அதைப் பார்த்தார். ஆனாலும் துறைமுகத்தை அடையும் அவசரத்தில் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. திடீரென்று அடித்த சூறைக்காற்றில் கப்பல் சாய்ந்தது. பாய்மரங்களின் மேற்பகுதிகள் முறிந்து விழுந்தன. இரண்டு மாலுமிகள் கடலில் மூழ்கி இறந்தார்கள்.

எச்சரிக்கை இருந்தும் தான் கவனிக்கவில்லை என்பதை ஃபிட்ஸ்ராய் மறைக்கவில்லை. அந்த இரண்டு பேரையும் அவர் மறக்கவும் இல்லை. பிற்காலத்தில் அவர் செய்த வேலைகளுக்கெல்லாம் விதை இந்த ஒரு நாளில்தான் விழுந்தது என்று சொன்னால் மிகையாகாது.

ஐந்து ஆண்டுப் பயணம்

அந்த முதல் பயணத்திலிருந்து திரும்பும்போது, டியர்ரா டெல் ஃபியூகோ தீவுகளைச் சேர்ந்த நான்கு பழங்குடிகளை அவர் இங்கிலாந்துக்கு அழைத்துவந்தார். ஒரு படகு திருடுபோனதில் தொடங்கிய தகராறில் பிடிபட்டவர்களும் அவர்களில் உண்டு. அவர்களுக்கு ஆங்கிலமும் கைத்தொழிலும் கிறிஸ்தவமும் கற்றுக்கொடுத்துத் திருப்பி அனுப்பினால், அவர்கள் வழியாக அந்த மக்களுக்கு ஐரோப்பிய நாகரிகம் போய்ச் சேரும் என்பது அவர் எண்ணம். நால்வரில் ஒருவர் பெரியம்மையில் இறந்தார். மற்ற மூவரும் மன்னரைப் பார்த்தார்கள், ஐரோப்பிய உடை அணிந்தார்கள். ஊர் திரும்பிய ஓராண்டுக்குள் பழைய வாழ்க்கைக்கே போய்விட்டார்கள். மீண்டும் இங்கிலாந்துக்கு வருகிறாயா என்று கேட்டபோது அவர்களில் ஒருவரான ஜெம்மி பட்டன் மறுத்துவிட்டார். ஆளைப் பிடித்துக்கொண்டுபோய் மாற்றிவிடலாம் என்ற அந்தத் திட்டம் தோற்றது.

அவர்களைத் திருப்பிக் கொண்டுபோய் விட்ட பயணம்தான் டார்வின் போன பயணம். 1831 டிசம்பர் 27ல் புறப்பட்டு 1836 அக்டோபர் 2ல் முடிந்தது. முந்தைய கேப்டனுக்கு நேர்ந்த கதி ஃபிட்ஸ்ராயை உறுத்திக்கொண்டிருந்தது. அவருடைய தாய்மாமனான அமைச்சர் காசில்ரேயும் 1822ல் தற்கொலை செய்துகொண்டவர். தனிமை தன்னையும் தின்றுவிடக்கூடாது என்று, பேச்சுத்துணைக்குப் படித்த ஒருவர் வேண்டுமென்று தேடினார். அப்படிக் கிடைத்தவர்தான் 22 வயது டார்வின்.

டார்வின் கரையில் கல்லும் எலும்பும் பூச்சியும் சேகரித்தார். கேப்டன் கடலையும் வானத்தையும் அளந்தார். தீர்க்கரேகை கணக்கிட 22 கடிகாரங்களை ஏற்றிச் சென்றார். காற்றழுத்தம், வெப்பநிலை, காற்றின் திசை, வேகம் ஆகியவற்றை விடாமல் குறித்தார். காற்று பலமாக அடித்தது என்று மொட்டையாக எழுதாமல், பூஜ்யத்திலிருந்து 12 வரை எண் கொடுத்துக் குறிக்கும் முறையைக் கடற்படை அதிகாரி பிரான்சிஸ் போஃபோர்ட் வகுத்திருந்தார். அதை முறைப்படி பின்பற்றிய முதல் பயணம் இதுதான். ஒரு மாலுமியின் எட்டும் இன்னொரு மாலுமியின் எட்டும் ஒன்றாக இருந்தால்தானே இரண்டு குறிப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியும்?

பயணம் முடிந்தபின் அவர் வாழ்க்கை நேர்கோட்டில் போகவில்லை. 1841ல் நாடாளுமன்ற உறுப்பினரானார். 1843ல் நியூசிலாந்துக்கு ஆளுநராகப் போனார். வைராவ் என்ற இடத்தில் நிலத் தகராறில் ஆங்கிலேயக் குடியேறிகளும் மாவோரி மக்களும் மோதி, இரு பக்கமும் உயிரிழப்பு நேர்ந்திருந்தது. தவறு குடியேறிகள் மீதுதான் என்று ஆளுநர் முடிவு சொன்னார். மாவோரிகள் மீது பழிவாங்கப் படை அனுப்பவும் மறுத்தார். குடியேறிகள் கொதித்துப்போனார்கள். கஜானாவும் காலி. 1845ல் அவர் திருப்பி அழைக்கப்பட்டார்.

சிரித்த நாடாளுமன்றம்

1643ல் டோரிசெல்லி காற்றழுத்தமானியைக் கண்டுபிடித்ததிலிருந்து, ஐரோப்பாவில் பலர் தினந்தோறும் வானிலையைக் குறித்துவந்தார்கள். 1802ல் லூக் ஹோவர்டு என்ற மருந்து வணிகர் மேகங்களை வகை பிரித்துப் பெயர் வைத்தார். ஐரோப்பியர் போன இடமெல்லாம் அந்தக் கருவிகளும் போயின. நம் சென்னையிலேயே, நுங்கம்பாக்கத்தில் 1792ல் கிழக்கிந்தியக் கம்பெனி கட்டிய வானாய்வகத்தில் 1796 முதல் வானிலைக் குறிப்புகள் எழுதப்பட்டன. ஆனால் எல்லாம் நடந்து முடிந்ததைப் பற்றிய குறிப்புகள். நாளைக்கு என்ன என்ற கேள்விக்கு யாரும் வாய் திறக்கவில்லை. அது பஞ்சாங்கக்காரர்கள் வேலை, விஞ்ஞானிகள் தொடக்கூடாது என்று நினைத்தார்கள்.

1854ல் லண்டனில் ஃபிட்ஸ்ராயின் தலைமையில் சிறிய வானிலைத் துறை ஒன்று தொடங்கப்பட்டது. இன்றைய பிரிட்டிஷ் வானிலை அலுவலகத்தின் ஆரம்பம் அது. கையில் நாலைந்து பேர். கப்பல்களிலிருந்து குறிப்புகளைச் சேகரித்துக் காற்று வரைபடம் தயாரிப்பதுதான் வேலை. அதே ஆண்டு, லண்டனின் வானிலையை ஒரு நாள் முன்னதாகவே அறிய முடியும் காலம் வரலாம் என்று ஓர் உறுப்பினர் நாடாளுமன்றத்தில் பேசியபோது சபையே சிரித்தது.

ஃபிட்ஸ்ராய்க்கு அதில் சிரிக்க எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. ஏழை மீனவர்கள் வாழும் துறைகளுக்குக் காற்றழுத்தமானிகளைக் கடனாகக் கொடுக்க ஏற்பாடு செய்தார். பாதரசம் இறங்கினால் என்ன பொருள், எவ்வளவு வேகமாக இறங்கினால் படகை எடுக்கக்கூடாது என்பதையெல்லாம் சாதாரண ஆட்களுக்குப் புரியும்படி எழுதிக்கொடுத்தார். நான்கு பேரைக் கப்பலில் ஏற்றிக்கொண்டுபோய் நடக்காத காரியம், கரையோரத்தில் ஒரு கருவியை மாட்டிவைத்தபோது நடந்தது. மீனவர்கள் அதைப் பார்க்கப் பழகிக்கொண்டார்கள்.

450 உயிர்கள்

1859 அக்டோபர் 25ஆம் தேதி இரவு. ஆஸ்திரேலியாவின் மெல்போர்னிலிருந்து லிவர்பூலுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது ராயல் சார்ட்டர் என்ற கப்பல். பயணிகளில் பலர் தங்கச் சுரங்கங்களில் சம்பாதித்துக்கொண்டு ஊர் திரும்புபவர்கள். வீடு போய்ச் சேர ஒரே நாள்தான் பாக்கி. அன்றிரவு அடித்த புயலில், மறுநாள் காலை, வேல்ஸ் நாட்டு ஆங்கில்சி தீவின் பாறைகளில் மோதிக் கப்பல் உடைந்தது. கரை கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் சுமார் 450 பேர் இறந்தார்கள். தப்பியவர்கள் ஏறக்குறைய 40 பேர். பெண்களிலும் குழந்தைகளிலும் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. அதே புயலில் பிரிட்டனின் கரையோரம் நூற்றுக்கும் மேற்பட்ட கப்பல்கள் சிதைந்தன.

ஃபிட்ஸ்ராய் கலங்கரை விளக்கங்களிலிருந்தும் துறைமுகங்களிலிருந்தும் அந்த நாட்களின் குறிப்புகளை வரவழைத்தார். எந்த மணிக்கு எந்த ஊரில் அழுத்தம் எவ்வளவு, காற்று எந்தத் திசை என்று வரைபடத்தில் குறித்துக்கொண்டே வந்தார். புயல் எங்கே தொடங்கி எந்த வழியாக நகர்ந்தது என்பது தெளிவாகத் தெரிந்தது. அது கடலோரமாகப் பல மணி நேரம் எடுத்துக்கொண்டு ஊர்ந்திருக்கிறது. தந்தியோ சில நிமிடங்களில் போய்விடும். தெற்கே புயல் அடிக்கத் தொடங்கியதும் வடக்கே ஒரு தந்தி கொடுத்திருந்தால் எத்தனை பேர் பிழைத்திருப்பார்கள்?

வேலை வேகமாக நடந்தது. கரையோர நிலையங்களிலிருந்து தினமும் காலையில் தந்தி மூலம் அளவுகள் லண்டனுக்கு வந்தன. 1861 பிப்ரவரியில் புயல் எச்சரிக்கை கொடுக்கத் தொடங்கினார். தந்தி கிடைத்ததும் துறைமுகத்தின் கொடிமரத்தில் கூம்பு வடிவம் ஒன்றை ஏற்ற வேண்டும். முனை மேலே இருந்தால் வடக்கிலிருந்து பெருங்காற்று, கீழே இருந்தால் தெற்கிலிருந்து. அதோடு உருளை ஒன்றும் சேர்ந்தால் கடும் புயல். இரவில் விளக்குகள். எழுதப் படிக்கத் தெரியாத மாலுமியும் தூரத்திலிருந்து பார்த்துப் புரிந்துகொள்ளலாம்.

அதே ஆண்டு ஆகஸ்ட் 1ஆம் தேதி லண்டன் டைம்ஸ் நாளிதழில் அவருடைய முதல் முன்னறிவிப்பு வெளியானது. வடக்கிலும் தெற்கிலும் மேற்கு திசைக் காற்று, வானிலை நன்றாக இருக்கும் என்ற அளவில் இரண்டு மூன்று வரிகள்தான். அதற்குப் பெயர் வைப்பதிலும் கவனமாக இருந்தார். இது ஆரூடம் அல்ல, தீர்க்கதரிசனமும் அல்ல. கிடைத்த அளவுகளை வைத்துக் கணித்துச் சொல்லும் கருத்து மட்டுமே என்று விளக்கினார்.

கேலியும் கணக்கும்

ஆரம்பத்தில் வரவேற்பு அமோகம். விக்டோரியா மகாராணியே கடல் கடக்கப் புறப்படுமுன் அவரிடம் ஆளனுப்பிக் கேட்பார். குதிரைப் பந்தயத்துக்குப் போகிறவர்களும் தோட்ட விருந்து வைப்பவர்களும் நாளிதழில் அவர் வரிகளைத் தேடினார்கள். அங்கேதான் சிக்கல். மாலுமியின் உயிருக்காகத் தொடங்கியது, குடை எடுக்கலாமா வேண்டாமா என்ற கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. கையில் இருந்ததோ பத்துப் பதினைந்து நிலையங்களின் அளவுகள். செயற்கைக்கோள் இல்லை, கணினி இல்லை, மேற்கே அட்லாண்டிக் பெருங்கடலில் என்ன நடக்கிறது என்று சொல்ல ஆளும் இல்லை. அடிக்கடி தவறியது. பலித்த நாட்களை யாரும் பேசவில்லை. தவறிய நாட்களைப் பத்திரிகைகள் விடவில்லை. அவர் எழுதியதைப் பிரசுரித்த நாளிதழே அவரைக் கேலியும் செய்தது.

மீன்பிடிப் படகுகளின் முதலாளிகளுக்கு வேறு கோபம். கூம்பு ஏறினால் ஆட்கள் கடலுக்குப் போக மறுக்கிறார்கள். புயல் வராமல் போனால் ஒரு நாள் வருமானம் போச்சு. விஞ்ஞானிகளில் ஒரு சாரார், கோட்பாடு இல்லாமல் பொதுமக்களிடம் வாக்குச் சொல்வது அறிவியலுக்கே இழுக்கு என்றார்கள். தந்திச் செலவு அதிகம் என்று நாடாளுமன்றத்தில் கேள்வி எழுந்தது. அவர்கள் சொன்னதில் உண்மையே இல்லை என்றும் சொல்ல முடியாது. ஃபிட்ஸ்ராயின் கணிப்பில் பெரும்பகுதி அனுபவத்தில் வந்த ஊகம்தான். ஆனால் முழுக் கோட்பாடும் கிடைக்கும்வரை காத்திருந்தால், அதுவரை மூழ்கும் கப்பல்களுக்கு யார் பொறுப்பு என்பது அவர் தரப்புக் கேள்வி.

அவருடைய மனக்கவலைகள் வேறு கூடின. அவர் ஆழ்ந்த மதப்பற்றுள்ளவர். தன் கப்பலில் வந்த டார்வின் எழுதிய நூல் அவரை மிகவும் வருத்தியது. 1860ல் ஆக்ஸ்ஃபோர்டில் நடந்த புகழ்பெற்ற விவாதத்தில் பைபிளைக் கையில் ஏந்தி எதிர்ப்புத் தெரிவித்தார். அவர் எதிர்பார்த்திருந்த உயர்பதவி, பீகிளில் அவருக்குக் கீழே பணியாற்றிய ஒருவருக்குப் போனது. பீகிள் நாட்களிலிருந்தே பொதுவேலைக்குச் சொந்தப் பணத்தைக் கொட்டியவர் அவர், சேமிப்பு கரைந்திருந்தது. காது மந்தமானது, தூக்கம் கெட்டது. 1865 ஏப்ரல் 30, ஞாயிற்றுக்கிழமை காலை, லண்டனை அடுத்த வீட்டில், ஃபிட்ஸ்ராய் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். 59 வயது. மனச்சோர்வுக்கு மருத்துவமும் ஆறுதலும் எளிதில் கிடைக்காத காலம் அது. குடும்பத்துக்கு மிஞ்சியது கடன். நண்பர்கள் நிதி திரட்டியபோது டார்வின் 100 பவுண்டு கொடுத்தார்.

மீனவர்கள் கேட்டார்கள்

அவர் இறந்தபின் ஒரு குழு அமைத்து ஆராய்ந்தார்கள். போதிய அறிவியல் அடிப்படை இல்லை என்று முன்னறிவிப்பு நிறுத்தப்பட்டது. 1866 இறுதியில் புயல் எச்சரிக்கையும் நின்றது. அப்போதுதான் எதிர்பாராத இடத்திலிருந்து குரல் எழுந்தது. துறைமுகங்களும் மாலுமிகளும் மீனவர்களும், கூம்பைத் திரும்ப ஏற்றுங்கள் என்று கேட்டார்கள். எல்லா முறையும் பலிக்கவில்லை என்பது அவர்களுக்கும் தெரியும். கொடிமரம் வெறுமையாக இருந்தபோதுதான் அதன் அருமை புரிந்தது. 1867ல் எச்சரிக்கை மீண்டும் வந்தது. பொதுமக்களுக்கான முன்னறிவிப்பு திரும்ப 1879 ஆனது.

இதற்கிடையே, 1864 அக்டோபர் 5ல் கல்கத்தாவைத் தாக்கிய புயலில் சுமார் 60,000 பேர் மாண்டார்கள். அடுத்த மாதமே மசூலிப்பட்டினத்தில் இன்னொரு பெரும்புயல். 1865ல், ஃபிட்ஸ்ராய் இறந்த அதே ஆண்டு, கல்கத்தா துறைமுகத்தில் இந்தியாவின் முதல் புயல் எச்சரிக்கை ஏற்பாடு தொடங்கியது. 1875ல் இந்திய வானிலை ஆய்வுத் துறை உருவானது. பிறகு மற்றத் துறைமுகங்களுக்கும் எச்சரிக்கை முறை பரவியது.

நாகப்பட்டினம், கடலூர், பாம்பன் துறைமுகங்களில் மூன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது என்று ஒவ்வொரு ஆண்டும் செய்தியில் கேட்கிறோமே, அந்தக் கூண்டு என்ன தெரியுமா? பகலில் கொடிமரத்தில் ஏற்றும் கூம்புகளும் உருளைகளும், இரவில் சிவப்பு வெள்ளை விளக்குகளும்தான். எண்களும் பொருளும் நம் நாட்டுக்கு ஏற்ப மாறியிருக்கின்றன. வடிவம் ஃபிட்ஸ்ராய் மாட்டிய அதே வடிவம்.

2002ல் பிரிட்டன், தன் கடல் வானிலை அறிக்கையில் ஒரு கடற்பகுதிக்கு ஃபிட்ஸ்ராய் என்று பெயர் சூட்டியது. மனிதர் ஒருவரின் பெயர் தாங்கிய ஒரே கடற்பகுதி அந்த அறிக்கையில் அதுதான். இப்போது மாலுமிகள் தினமும் அந்தப் பெயரைக் கேட்டுவிட்டுத்தான் நாளைத் தொடங்குகிறார்கள்.

மழை வரும் என்று சொல்லி வராமல் போனால் நமக்கு நஷ்டம் கொஞ்சம் பெட்ரோலும் இரண்டு பால் பாக்கெட்டும். வராது என்று சொல்லி வந்துவிட்டால் என்ன ஆகும் என்பதைக் கீழ்த்தளத்தில் வண்டி வைத்திருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. தான் தவறாகிவிடுவோமோ என்ற பயத்தைவிட, சொல்லாமல் விட்டுவிட்டோமே என்ற வருத்தம் பெரிது என்று நினைத்த ஒருவர் தொடங்கிவைத்த வேலை இது. அடுத்த முறை ரெட் அலர்ட் வந்து வெயில் அடித்தால், அந்தப் பத்துச் சிரிப்புப் படங்களில் ஒன்று குறையும். காரை மட்டும் வழக்கம்போல மேட்டில் விட்டுவிடுகிறேன்.